பக்கத்து நிரை

ஜனவரி 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து மூடுபனி. பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்க மாரிமுத்து கங்காணி பெயர் கூப்பிட்டார். குரல் வந்தது, ஆளைக் காணவில்லை. நாலாம் நம்பர் மலை. கொழுந்து காலை எட்டு கிலோ, பின்னேரம் ஏழு. அட்டைக் கடி இரண்டு.

இது புதுக் கொப்பி. மகள் நிவேதா கொடுத்தது. "இதுல எழுதும்மா. இல்லாட்டி மலையில தனியாப் பேசித் திரியுறன்னு லயத்துச் சனமே சொல்லுது." பதினேழு வயசு, வாய்க்கு மட்டும் நாற்பது.

தனியாக எங்கே பேசுகிறேன். பிலோவுக்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பிலோமினாவுக்கும் எனக்கும் பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரை. தேயிலைக்கு நடுவே ஆளுக்கொரு வரிசை, என் வலது பக்கம் எப்போதும் அவள். மூடுபனி நாளில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கை பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒருத்தி பேசினால் மற்றவள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வராவிட்டால் அவள் முன்னால் போய்விட்டாள், அல்லது பின்தங்கிவிட்டாள், சொன்னது கேட்கவில்லை என்று அர்த்தம். மறுபடி சொல்ல வேண்டும். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அதுவாக வந்த பழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மிடில் ஈஸ்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த நாட்டில் இன்டர்நெட் வழியாக ஆளோடு ஆள் பேச முடியாது. மணி அடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம்கூட வராது. அரசாங்கமே அடைத்து வைத்திருக்கிறதாம். எழுதி அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். களவாகப் பேச ஏதோ ஒரு ஆப் உண்டு. பிலோ இருக்கும் தெருவில் ஒரு பிள்ளை அதைப் போட்டுப் பிடிபட்டாள். அதிலிருந்து பிலோவின் மேடம் அவள் போனை அலுமாரியில் பூட்டிவிட்டார். சிம் கிடையாது, வீட்டு வைஃபை மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கையில் கொடுப்பார். கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி என்கிறாள் பிலோ.

அந்த இரண்டு மணி நேரமும் நான் மலையில். அங்கே சிக்னல் இல்லை. நிறுவை முடிந்து, லயத்துக்கு மேலே தண்ணீர் டாங்கி மேட்டுக்கு ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். அதற்குள் அவள் போன் அலுமாரிக்குள். ஆகவே அவள் சொல்வதை நான் இன்றைக்குக் கேட்பேன். நான் சொல்வதை அவள் அடுத்த வெள்ளி கேட்பாள்.

அதனால்தான் பிலோ இடம் விட்டுப் பேசுவாள். ஒன்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பாள், நான் ‘ம்’ கொட்டுவதற்கு. நானும் மேட்டில் நின்று கொட்டுவேன். இன்றைக்கு வந்தது:

"வசந்தா, சாயத்தண்ணி குடிச்சியா?" இடம். "இன்னும் இல்ல டீ" என்றேன்.

"இங்க மழையே இல்ல. வானத்தப் பாத்தா கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு." இடம். "ம்."

"பக்கத்து வீட்டு மொட்ட மாடிக்கு ஒரு சிங்களப் புள்ள வருது, மல்காந்தின்னு பேரு. பண்டாரவளைக்காரி டீ! அவ அம்மா சந்தையில லீக்ஸ் விக்கிறாங்களாம். உடுப்புக் காயப்போடுற நேரம் ரெண்டு மாடிக்கும் நடுவுல கத்திக் கத்திப் பேசுறோம். அவளுக்குக் குடுத்து வச்சிருக்கு, போன் எந்நாளும் கையில." இடம். "ம்ம்."

இதைத்தான் லயம் பைத்தியம் என்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

வெயில் தலை காட்டியது. போர்வை இரண்டு துவைத்தேன், காய்வதற்குள் மறுபடி மழை.

பிலோ அனுப்பச் சொன்ன சத்தங்கள்:
தகரக் கூரையில் மழை. அனுப்பியாச்சு, மூன்று முறை.
பெரட்டுச் சங்கு. அனுப்பியாச்சு. கேட்டதும் திடுக்கிட்டு எழும்பி நின்றாளாம்.
அவள் அண்ணன் வீட்டு நாய். நான் போனை நீட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.
மாதா கோயில் மணி. அடுத்த ஞாயிறு.
தெமோதரைக் கோச்சி, ரயில் போகிற சத்தம். இன்னும் இல்லை.

வலது பக்க நிரையில் இப்போது ஷாமினி. இருபத்திரண்டு வயது, முக்காட்டுக்குள் இயர்போன். நான் ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுகிறாள். எனக்கு ஆட்டுகிறாளா பாட்டுக்கு ஆட்டுகிறாளா தெரியாது. நல்ல பிள்ளைதான், கை சுறுசுறுப்பு. ‘ம்’ கொட்ட மட்டும் வராது.

நேற்று மூடுபனியில் பழக்க தோஷத்தில் "ஏய், இந்த வாட்டி மொளகா நாலு செடி வச்சிருக்கேன்" என்றேன். ‘ம்’ வரவில்லை. பிறகு வலது பக்கத்திலிருந்து "அக்கா, எங்கிட்டயா பேசுனீங்க?"

இல்லை என்றேன். பாவம்.

ஜனவரி 10, வெள்ளி

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. போனில் ஆறு சதவீதம். மழை கொட்டு கொட்டென்று. படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். டாங்கி நிரம்பி வழிகிற சத்தம், மழைச் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் காதோடு ஒட்டி பிலோ.

குரல் சரியில்லை. முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"வசந்தா, பெப்ரவரியோட எனக்கு ரெண்டு வருசம் முடியுது." இடம். "ம்."

"மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருங்கிறாங்க. அண்ணனும் இரு இருங்கிறான். அவன் புள்ளைங்க ரெண்டும் இப்ப என் காம்பராவுலதான் படுக்குதுங்க. குத்தம் சொல்லல டீ. வந்தா எங்க போறதுன்னுதான் தெரியல." இடம். "ம்" என்றேன். புருஷன் விட்டுவிட்டுப் போய் எட்டு வருஷம். அவளுக்கென்று இருந்தது அந்தக் காம்பரா, அந்த ஒரு அறைதான்.

"அங்க எனக்குன்னு ஒரு எடம் இருக்கான்னு பாக்குறேன். இருந்தா வந்துருவேன். இல்லாட்டி இங்கயே கெடக்குறேன். மாசக் கடைசிக்குள்ள மேடத்துக்குச் சொல்லணும். நீ ஒரு வார்த்த சொல்லு. வரட்டுமா, இருக்கட்டுமா? நீ என்னா சொல்றியோ அதத்தான் செய்வேன்."

பிறகு இடம். அவ்வளவு நீளமாக அவள் விட்டதே இல்லை. பதினாறு செக்கன். நான் சொன்னேன். மழைக்கு மேலே கத்திச் சொன்னேன். வந்துடு டீ. எங்க முன் காம்பரா ஒனக்குத்தான். நிவேதாவும் நானும் உள்ளே படுத்துக்கொள்வோம். யாரும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ இல்லாம எனக்கு மலைக்குப் போகவே பிடிக்கல. இதை இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்தேன். ஏதோ சம்பாதிக்கப் போனவள், நான் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது என்று.

போன் அணைந்துவிட்டது. நனைந்துகொண்டே இறங்கி வந்தேன். அழுதிருக்கிறேன், மழையில் தெரியவில்லை. நிவேதா துவாய் கொடுத்தாள். "யாரும்மா செத்தது?" "யாரும் சாகல. பிலோ வரப்போறா."

மனசு லேசாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பிலோவுக்காகத் தெமோதரை ஸ்டேஷனுக்கு நடந்தேன், கோச்சிச் சத்தம் பிடிக்க. அரை மணி நேரம் தாமதம் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் ஆனது. பரவாயில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண் சொருகிப்போனேன். தூக்கமா விழிப்பா தெரியாத நிலை. பிளாட்பாரம் முழுக்கப் பனி. பனிக்குள்ளிருந்து யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி. வந்துகொண்டே இருக்கிற சத்தம், ஆள் வரவில்லை. கண்ணைத் திறந்தால் போர்ட்டர் பால் பவுடர் பெட்டி தள்ளுகிறார்.

தெமோதரையில் ஒரே கோச்சியை இரண்டு முறை கேட்கலாம். ஸ்டேஷனை விட்டுப் போகும், மலையைச் சுற்றும், போயே போய்விட்டது என்று நினைக்கும்போது காலுக்குக் கீழே சுரங்கத்துக்குள்ளிருந்து மறுபடி வரும். சின்ன வயதில் பிலோவும் நானும் தரையில் காதை வைத்துக் கேட்போம். இரண்டையும் பதிந்தேன். நடுவில் உள்ள அமைதியையும் வெட்டவில்லை. நாலரை நிமிஷம்.

அதோடு கொஞ்சம் பேசினேன். மிளகாய்ச் செடி, பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வருவது, ஷாமினியின் இயர்போன், மாரிமுத்து கங்காணிக்குப் பல் பிடுங்கியது. முக்கியமானதைத்தான் ஏற்கெனவே சொல்லியாச்சே. அனுப்பினேன். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. அவள் போன் வெளியே வரும் வெள்ளிக்கிழமை அது இரட்டையாகும்.

மாதா கோயில் மணியைக் கோட்டை விட்டேன். திரும்பி வருவதற்குள் பூசை முடிந்துவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கினோம். விறகு ஈரம், புகை எல்லாம் வீட்டுக்குள். பிலோ இருந்தால் இந்நேரம் வந்து நின்று "எங்க மாதாவுக்கும் ஒரு கரண்டி எடுத்து வையி" என்று அதிகாரம் பண்ணுவாள். எடுத்து வைத்தேன். சின்னப் பேணியில், மூடி.

இவர் நேற்று வந்தார். கொழும்புக் கடையில் மூன்று நாள் லீவு. முன் காம்பராவைப் பிலோவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றேன். முடிவு பண்ணிவிட்டுத்தான் சொன்னேன், அதனால் கொஞ்சம் பயம்.

"நல்லதுதான். நீ டாங்கியோட பேசுறது கொறையும்."

அவ்வளவுதான் சொன்னார். சிரித்துக்கொண்டே பொங்கல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். இந்த மனுஷனைச் சும்மா திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

வெயிலும் மழையும் மாறி மாறி. பதினெட்டு கிலோ. கால் வழுக்க வழுக்க மேட்டுக்கு ஏறினேன், அவ்வளவு அவசரம்.

இருபது செக்கன்தான் வந்திருக்கிறது.

"வசந்தா, கோச்சி கேட்டேன். ரெண்டு தரம் வந்துச்சு. நல்லா இருந்துச்சு. பொங்கல் நல்லா நடந்திருக்கும். சரி டீ, புரிஞ்சிச்சு. வேல கெடக்கு, வெக்கிறேன்."

எங்கேயும் இடம் விடவில்லை. ஒரே மூச்சு. ‘ம்’ கொட்ட வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டது.

மேடம் பக்கத்தில் நின்றிருப்பார். அல்லது இப்போதே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாளோ என்னவோ. புரிஞ்சிச்சு என்றாளே, அது போதும். நான் கத்தியது அவளுக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கிறது.

ஆனாலும் டாங்கிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். தண்ணீர் சொட்டும் சத்தம். ஏதாவது கேட்க மறந்தேனா என்று ஒரு நினைப்பு.

ஜனவரி 20, திங்கள்

மூடுபனி பத்து மணி வரை. இன்றைக்கு ஷாமினியின் இயர்போன் பழுது. என்ன செய்வதென்று தெரியாமல் என்னோடு பேசினாள். "அக்கா, அந்தப் பிலோ அக்கா எப்படி இருப்பாங்க?" உயரம், எலும்பு, நடக்கும்போது கூடை மட்டும் நடக்கிற மாதிரி இருக்கும் என்றேன். சிரித்தாள். பிறகு நான் சொன்னதற்கெல்லாம் "ஆமாவா? ஆமாவா?" என்றாள். ‘ம்’ இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று.

முன் காம்பரா வேலை (பிலோவுக்குச் சொல்லி அனுப்பவில்லை, வந்து நேரில் பார்க்கட்டும்):
சுண்ணாம்பு அடித்தாச்சு. ஒரு பக்கம் திட்டுத் திட்டாக.
பழைய கட்டிலுக்குப் பலகை மாற்ற வேண்டும்.
ஆணி ஒன்று, அவள் மாதா படம் மாட்ட. எங்கள் பிள்ளையாருக்கு எதிர்ச் சுவர் சரியாக இருக்கும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.
யன்னலுக்குத் துணி. நிவேதா நீலம் என்கிறாள்.

மாலையில் அந்தக் காம்பராவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு வாசம், வெளியே தூறல். யாரும் இல்லாத அறை என்று தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

எப்படி எழுதுவது.

பிலோவின் குரல் இன்றைக்கு நன்றாக, தெளிவாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

"வசந்தா, மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன், இருக்குறேன்னு. புதங்கெழம ஏஜென்சி ஆளு கடதாசியோட வருவாரு, கையெழுத்து வச்சிருவேன். ரெண்டு வருசம் ஓடிப்போயிரும். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. அன்னிக்கு அவ்வளவு பெருசா கேட்டேன், நீ கோச்சிச் சத்தம் அனுப்புன. அதப்பத்தி ஒரு வார்த்த சொல்லல. அதுவும் ஒரு பதில்தான்னு எடுத்துக்கிட்டேன். ஒங்க வீட்லயும் எடம் வேணாமா, புள்ள வளந்துருச்சு. நான் கோவிச்சுக்கல டீ. சத்தியமா."

முதலில் கோபம் வந்தது எனக்கு. என்ன பேசுகிறாள் இவள்? கத்திச் சொன்னேனே, தொண்டை கட்டும் வரை. எங்கே போயிற்று அது? போனில் மேலே மேலே தள்ளித் தேடினேன். கோச்சி இருக்கிறது, இரட்டைச் சரியோடு. அதற்கு முன்னால் அவள் கேட்டது. நடுவில் என்னுடையது ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன். இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. மழை. ஆறு சதவீதம். நான் எதையும் அமுக்கவே இல்லை. அவள் விட்ட இடத்தில் வாயால் சொன்னேன், போன் அணைந்தது, இறங்கி வந்துவிட்டேன். பக்கத்து நிரையில் அவள் நிற்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மலையில் என்றால் ‘ம்’ வராவிட்டால் கேட்கவில்லை என்று தெரியும், மறுபடி சொல்வேன். அன்றைக்கு நான் அவளுடைய ‘ம்’முக்குக் காத்திருக்கவே இல்லை. சொன்ன சந்தோஷத்தில் மிதந்துகொண்டு போய்விட்டேன். அவள் ஒரு வாரம் காத்திருந்து, அலுமாரி திறந்ததும் ஓடி வந்து கேட்டால் கோச்சி. பல் பிடுங்கிய கதை. மிளகாய்ச் செடி.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேட்டிலேயே நின்று பதினொரு மெசேஜ் அனுப்பினேன். வந்துடு, கையெழுத்து வைக்காதே, வந்துடு. எல்லாம் ஒற்றைச் சரி. அடுத்த வெள்ளிதான் போன் வெளியே வரும். கையெழுத்து புதன்.

நிவேதா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

ஜனவரி 25, சனி

நன்றாக வெயில். எனக்கு அது எதற்கு.

அரைநாள் வேலை. ஷாமினி மூன்று முறை "என்னாக்கா?" என்றாள். மூன்றாம் முறை சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். கொழுந்தைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"அக்கா, அங்க போன் உள்ள ஆளு வேற யாருமே இல்லியா?"

மல்காந்தி! பண்டாரவளை, லீக்ஸ், அம்மா. என் மண்டையில் என்ன இருக்கிறது, கொழுந்தா?

ஜனவரி 26, ஞாயிறு

காலை பஸ்ஸில் பண்டாரவளை. வழியெல்லாம் பனி, யன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, பஸ் நிற்கிற மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம். லீக்ஸ் விற்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசித்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கடை.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போனேன். மகள் வெளிநாட்டில் இருக்கிற அம்மா யார்? முதல் கடைக்காரி தன்னைக் காட்டினாள். இரண்டாவது கடைக்காரியும். மூன்றாவது ஆள் ஆம்பிளை, அவருக்கு இரண்டு மகள் அங்கே. மல்காந்தி என்று பெயர் சொன்ன பிறகுதான் ஒருவர் கை நீட்டினார். கோடியில், போஞ்சிக் குவியலுக்குப் பின்னால், தலையில் கம்பளித் தொப்பி போட்ட அம்மா.

மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். கையிலிருந்த லீக்ஸ் கட்டு விழுந்தது. இல்லை இல்லை என்று சொல்லிப் புரியவைக்க எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு அந்தம்மா என் கையைப் பிடித்துச் சாக்கின் மேல் உட்காரவைத்தார். "அழ வேணாம் துவே" என்றார். துவே என்றால் மகளே. அரைச் சிங்களம் அரைத் தமிழில் எல்லாம் சொன்னேன். அவர் தன் போனை எடுத்து, பட்டனை எப்படி அமுக்கிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டினார். எனக்கு! காட்ட வேண்டியதுதான்.

முதல் தரம் பட்டனைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். இரண்டாம் தரம் யாரோ தக்காளி விலை கத்தினார்கள். மூன்றாம் தரம்:

"பிலோ, நான் வசந்தா. அன்னிக்கே சொன்னேன் டீ, வாயால சொன்னேன், அனுப்ப மறந்துட்டேன். பைத்தியக்காரி நான். ஒனக்கு எடம் இருக்கு. முன் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்து வைக்காத. வர்றியா?"

பட்டனை விடவில்லை. அந்தம்மா என்னைப் பார்த்தார். "முடிஞ்சிதா?" என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பதினாறு செக்கன் எண்ணினேன். சந்தை இரைச்சல் மட்டும் அதில் விழுந்தது. பிறகு விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தம்மா மகளுக்குச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மாடியில் நின்று சத்தமாகப் போட்டுக் காட்டு, அந்தத் தமிழ் அக்கா சொல்வதை அப்படியே பிடித்து அனுப்பு. அவ்வளவு எனக்குப் புரிந்தது. என் நம்பரை வாங்கிக்கொண்டார். லீக்ஸ் ஒரு கட்டு பையில் திணித்தார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

தூறல். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் ஏறினேன், பின்னேரம் ஏறினேன்.

ஷாமினி: "மல்காந்தி பாத்திருப்பாளாக்கா? அங்க உடுப்புக் காயப்போடுற நாள் எது?" எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவில் என் வார்த்தை ஒரு வீட்டுத் துணி துவைப்பதில் தொங்குகிறது.

லீக்ஸ் குழம்பு. உப்புக் கூடிவிட்டது. நிவேதா தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மூடுபனி. கையைத் தூக்கினால் கை தெரியாது. மத்தியான நிறுவை முடிந்ததும் கூடையை ஷாமினியிடம் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஓடினேன்.

பண்டாரவளை அம்மாவிடமிருந்து ஒன்று வந்திருந்தது. மகள் அனுப்பியதை அப்படியே அனுப்பியிருக்கிறார். ஐம்பத்திரண்டு செக்கன்.

முதலில் காற்று. துணி படபடக்கிற சத்தம். மல்காந்தி யாரையோ கூப்பிடுகிறாள், "அக்கே! அக்கே!" தூரத்தில் ஏதோ வைத்த சத்தம், வாளியாக இருக்கும். பிறகு என் குரல், சின்னதாக, யாரோ வேறு பொம்பிளை மாதிரி. பைத்தியக்காரி நான். சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். வர்றியா?

அப்புறம் நான் விட்ட இடம். பண்டாரவளைச் சந்தை அந்த மொட்டை மாடியில் இரைந்தது. தராசுத் தட்டு விழுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். நான் மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. ஒன்றும் இல்லை. பன்னிரண்டு. காற்று மட்டும். பதிமூன்று.

"ம்."

இரண்டு மாடிக்கும் நடுவிலுள்ள சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மூக்கடைத்த குரல். மலையில் சொல்கிற அதே ‘ம்’.

நாளைக் காலை முதல் வேலை மாரிமுத்து கங்காணியிடம் சொல்ல வேண்டும், ஷாமினிக்கு இனி என் இடது பக்கத்து நிரை. வலது பக்கத்துக்கு ஆள் வருகிறது.